கான்பெராவில் நேட்டிவ் செடி: உள்ளூர் நாற்றா, கடைக் கலப்பினமா, ஒட்டுச் செடியா?

கங்காலின் பக்கமோ மொலாங்லோ பள்ளத்தாக்கிலோ புதிதாக வீடு கட்டிக் குடிபோன நம்மவர்கள் வருடா வருடம் கேட்கும் கேள்வி இது. வீட்டைச் சுற்றிக் களிமண்ணும் கட்டட மிச்சமும்தான் கிடக்கின்றன, ரோஜா வைத்துத் தண்ணீர் ஊற்றிக் கட்டுப்படியாகாது, எல்லாரும் நேட்டிவ் செடி, அதாவது இந்த நாட்டின் சொந்தச் செடி வை என்கிறார்கள், சரி என்று கடைக்குப் போனால் "ஆஸ்திரேலியன் நேட்டிவ்" என்று சீட்டுக் கட்டிய செடிகள் வரிசையாக நிற்கின்றன, விலையோ 5 டாலரில் தொடங்கி 100 டாலரைத் தாண்டிப் போகிறது. எதை எடுப்பது?

அந்தச் சீட்டை மட்டும் நம்பி எடுக்காதீர்கள் என்பதுதான் என் முதல் பதில். மிளகுக்கொடியும் இந்தியச் செடிதான், இமயமலைத் தேவதாருவும் இந்தியச் செடிதான், இரண்டையும் ஒரே தோட்டத்தில் யாரும் வைப்பதில்லை. இங்கேயும் அப்படித்தான். குயின்ஸ்லாந்துக் கடற்கரைச் செடி, பெர்த் மணல்வெளிச் செடி, ஸ்னோயி மலைச் செடி எல்லாம் ஒரே மேசையில், ஒரே சீட்டோடு நிற்கும். அதில் எது உங்கள் வீட்டில் ஜூலைக் குளிரைத் தாண்டும், எது வேலி தாண்டிக் காட்டுக்குள் போய்த் தொல்லை தரும் என்பதைச் சீட்டு சொல்லாது. பூவின் படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் மனையைப் பாருங்கள்.

## முதலில் எதை வைத்து எடைபோடுவது

உறைபனி. கான்பெரா கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 600 மீட்டர் உயரத்தில், கடற்கரையிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி இருக்கிறது. ஜூலைக் காலைகளில் மைனஸ் 5 வந்தால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. விமான நிலையத்தில் 1971 ஜூலையில் மைனஸ் 10 பதிவாகியிருக்கிறது, அதே விமான நிலையத்தில் 2020 ஜனவரி 4 அன்று 44 டிகிரி. இரண்டையும் ஒரே செடி தாங்கியாக வேண்டும், அதுதான் இந்த ஊரின் கஷ்டம். ஊருக்குள்ளேயே கூட எல்லா இடமும் ஒன்றல்ல. குளிர்ந்த காற்று கனமானது, இரவில் சரிவிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும், வழியில் கலர்பாண்ட் தகர வேலி நின்றால் அங்கேயே தேங்கிவிடும். அதனால் குன்றின் சரிவில் இருக்கும் வீட்டில் பிழைக்கிற செடி, அரைக் கிலோமீட்டர் தள்ளிப் பள்ளத்தில் இருக்கும் வீட்டில் கருகும். ஜூலையில் ஒரு காலை ஒன்பது மணிக்கு வெளியே வந்து, புல்லில் எங்கே இன்னும் வெள்ளை படிந்திருக்கிறது என்று பாருங்கள், அதுதான் உங்கள் தோட்டத்தின் மிகக் குளிர்ந்த மூலை.

மண். புது மனைகளில் மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, இயந்திரம் ஓட்டி அழுத்திய களிமண்ணைத்தான் நம்மிடம் தருகிறார்கள். போதாக்குறைக்குச் சிமெண்ட், மோர்ட்டார் துண்டுகள் கலந்து சுவரோரம் சுண்ணாம்புத்தன்மை ஏறியிருக்கும். மழைக்குச் சேறு, வெயிலுக்கு ஓடு.

காட்டுக்கு எவ்வளவு தூரம். இதை யாரும் கேட்பதில்லை, எனக்கு இதுதான் முக்கியமான அளவுகோல். கான்பெராவில் பல வீடுகளின் பின்வேலிக்கு அந்தப் பக்கம் பாதுகாக்கப்பட்ட காடு அல்லது புல்வெளி. ஃபோர்டு, த்ராஸ்பி, பானர் பக்கம் இருப்பவர்களுக்கு முல்லிகன்ஸ் ஃபிளாட் சரணாலயம் நடந்துபோகும் தூரம். அங்கே இருக்கும் யெல்லோ பாக்ஸ், பிளேக்லிஸ் ரெட் கம் என்ற யூகலிப்டஸ் மரங்கள் நிற்கும் புல்வெளிக் காட்டு வகையை 2006இல் மத்திய அரசு மிக அருகிவிட்ட வாழிடம் என்று பட்டியலில் சேர்த்தது. அதன் வாசலில் நாம் என்ன நடுகிறோம் என்பது நம் வேலிக்குள் முடிகிற விஷயமல்ல.

மொத்தச் செலவு. வாங்கும் விலையைவிட, முதல் இரண்டு கோடைக்கு ஊற்றும் தண்ணீர், கவாத்து, செத்ததற்குப் பதில் மறுபடி வாங்குவது எல்லாம் சேர்த்துப் பாருங்கள்.

யார் வந்து தங்குகிறார்கள். பறவைக்காக, பூச்சிக்காக வைக்கிறேன் என்று பலர் சொல்கிறார்கள். எந்தப் பறவை என்று அடுத்த கேள்வி கேட்பதில்லை. அதைக் கீழே சொல்கிறேன்.

## ஒன்று: உள்ளூர் வகைகள், ட்யூப் நாற்றாக

ட்யூப் என்பது ஐந்து செண்டிமீட்டர் அகலத்தில், உள்ளங்கை நீளத்துக்கு இருக்கும் பிளாஸ்டிக் குழாயில் வளர்த்த சின்ன நாற்று. பார்க்க ஒன்றுமே இருக்காது, நான்கு இலையோடு ஒரு குச்சி. விலை சுமாராக 3 முதல் 6 டாலர். 14 செண்டிமீட்டர் தொட்டியில் வரும் செடி 12 முதல் 20 டாலர் என்றால், 30 செடி வேண்டுமென்கிற மனைக்கு இந்த வித்தியாசம் எங்கே போகிறது என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

இந்தப் பகுதியின் சொந்தச் செடிகள் என்று எடுத்தால், மரத்தில் யெல்லோ பாக்ஸ், ஸ்னோ கம், தொங்கும் கிளைகளோடு ட்ரூப்பிங் ஷீ ஓக் (நம் சவுக்கின் குடும்பம்தான், ஊசி இலையைப் பார்த்தவுடனே தெரிந்துவிடும்). புதரில் பர்சேரியா, ரிவர் பாட்டில்பிரஷ், சில்வர் பேங்க்சியா. இண்டிகோஃபெரா ஆஸ்ட்ராலிஸ் என்று ஒரு ஊதாப் பூச்செடி உண்டு, நம் அவுரியின் பேரினம். கொடியில் ஹார்டன்பெர்ஜியா, குளிர் முடிவதற்குள்ளேயே ஊதாவாகப் பூத்துவிடும். தரையோடு கங்காரு புல், வாலபி புல், யெல்லோ பட்டன்ஸ், பல்பைன் லில்லி.

உறைபனியில் இவற்றுக்குப் பிரச்சினையே இல்லை, ஆயிரக்கணக்கான வருடமாக இந்தக் குளிரிலேயே கிடந்தவை. களிமண்ணும் இவற்றுக்குப் பழகியதுதான், ஆனால் இயந்திரம் அழுத்திய களிமண் பழகியதல்ல. ஆகவே குழியை ஆழத்தைவிட அகலமாக வெட்டி, பக்கச் சுவரைக் கடப்பாரையால் கொத்திவிட்டு நடுங்கள். மண்வெட்டி வழுவழுப்பாக இழைத்துவிட்ட குழிச்சுவருக்குள் வேர் வட்டமடித்துக்கொண்டே இருக்கும்.

குச்சியைப் பார்த்து மனம் தளர வேண்டாம். ட்யூப்பில் வேர் இன்னும் சுருளாமல் இருப்பதால், பெரிய தொட்டியில் வாங்கியதை இரண்டு மூன்று வருடத்தில் எட்டிப் பிடித்துவிடும், பல நேரம் தாண்டியும் போகும். வாங்கும்போது ஒன்று செய்யுங்கள். குழாயின் அடியைத் திருப்பிப் பாருங்கள். ஒன்றிரண்டு வெள்ளை வேர் எட்டிப் பார்த்தால் நல்லது, பழுப்பு வேர் பாய்போல் பின்னியிருந்தால் அது ரொம்ப நாள் கடையில் கிடந்தது, வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.

மறைந்திருக்கும் செலவு என்ன? பொறுமை முதலாவது. முதல் வருடம் தோட்டம் மூடாக்கு போட்ட வெற்றிடமாகத்தான் இருக்கும், வருகிறவர்கள் "என்ன, ஒன்றும் வைக்கவில்லையா?" என்பார்கள். இரண்டாவது முயல். காட்டையொட்டிய வீடென்றால் கங்காருவும் சேர்த்து. ஒவ்வொரு நாற்றுக்கும் மூன்று குச்சியும் ஒரு பிளாஸ்டிக் உறையும் வேண்டும், அது நாற்று விலையில் பாதியாவது ஆகிவிடும். மூன்றாவது, இலையுதிர்காலத்தில் நட்டால் உறைபனி மண்ணைத் தூக்கி, சின்ன வேர்க்கட்டியையே மேலே தள்ளிவிடும். காலையில் நாற்று சாய்ந்து, கழுத்தும் மேல்வேரும் தெரியும். காலால் மெதுவாக அழுத்தி மண்ணைச் சேர்த்துவிட வேண்டியதுதான், மூடாக்கு தடிமனாக இருந்தால் இது குறையும்.

இன்னொன்று, இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சின்ன மனையில் யெல்லோ பாக்ஸ் நட்டுவிட்டால் அது பெரிய மரம். 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த நகர்ப்புற மரச் சட்டத்தின்படி 8 மீட்டர் உயரத்தைத் தொட்ட மரம் பாதுகாக்கப்பட்டது, அதன் பிறகு அனுமதி வாங்காமல் வெட்ட முடியாது. சட்டம் சரியானதுதான், நான் குறை சொல்லவில்லை. 400 சதுர மீட்டர் மனைக்காரர் மரத்தைப் பக்கத்துப் பூங்காவுக்கு விட்டுவிட்டுப் புதரோடும் புல்லோடும் நிற்பது புத்திசாலித்தனம். கூடவே 2003 ஜனவரி 18 அன்று மேற்குப் புறநகர்களுக்குள் காட்டுத்தீ வந்து ஏறக்குறைய 500 வீடுகளை எரித்த ஊர் இது. எண்ணெய் நிறைந்த இலையும் உரியும் பட்டையும் உள்ள மரம் சாக்கடைக் குழாய்க்கு மட்டுமல்ல, கூரைக்கும் அருகில் வேண்டாம்.

எங்கே வாங்குவது? பெரிய வன்பொருள் கடைகளில் உள்ளூர் வகை குறைவு. ஆஸ்திரேலிய நேட்டிவ் செடிகள் சங்கத்தின் கான்பெரா கிளை இளவேனிலிலும் இலையுதிர்காலத்திலும் பிளாக் மவுண்டன் அடிவாரத்தில் இருக்கும் தேசியத் தாவரவியல் பூங்காவில் விற்பனை நடத்துகிறது, காலையிலேயே போய்விட வேண்டும், நல்லவை சீக்கிரம் தீர்ந்துவிடும். 1914இல் தொடங்கிய யாரலம்லா நர்சரி இன்னொரு இடம். புது மனை வாங்கியவர்களுக்கு அங்கே குறிப்பிட்ட மதிப்புக்குச் செடி இலவசமாகத் தரும் திட்டம் நெடுங்காலமாக உண்டு, உங்கள் மனைக்குப் பொருந்துமா என்று கேட்டுப் பாருங்கள், கேட்பதற்குக் காசில்லை.

## இரண்டு: கலப்பினங்களும் பெயரிட்ட ரகங்களும்

கடையில் கண்ணைப் பறிப்பவை இவைதான். வருடம் முழுக்கப் பூ, அடக்கமான உருவம், சீட்டில் உயரமும் அகலமும் எழுதியிருக்கும். இவற்றில் இரண்டு ஜாதி இருப்பதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

ஒன்று, குளிர் ஊர்ப் பெற்றோருக்குப் பிறந்தவை. "கான்பெரா ஜெம்" என்ற கிரிவில்லியா இந்த ஊரிலேயே உருவானது, ஜூனிபெரினா, ரோஸ்மரினிஃபோலியா என்ற இரண்டு கிரிவில்லியா வகைகள் அதன் பெற்றோர். ஊசி குத்தும், ஆனால் சாகாது. 2013இல் நகரத்தின் நூற்றாண்டுக்காகத் தேர்ந்தெடுத்த "கான்பெரா பெல்ஸ்" கொரியா இன்னொன்று. குளிர்காலத்தில் சிவப்பும் வெளிர் மஞ்சளுமாக மணி மணியாகத் தொங்கும், நிழலைத் தாங்கும், குத்தவும் குத்தாது. ஜூன் மாதத்தில் இதற்கு ஈஸ்டர்ன் ஸ்பைன்பில் என்ற சின்னத் தேனுண்ணிப் பறவை வந்து, வளைந்த நீள அலகை மணிக்குள் விட்டு, சிறகடித்தபடி அந்தரத்தில் நின்று தேன் குடிப்பதைச் சமையலறை ஜன்னலிலிருந்து பார்க்கலாம். வாசல் ஓரத்துக்கு ஒரே ஒரு ரகம் சொல்லுங்கள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன்.

மற்றது, வெப்ப ஊர்ப் பெற்றோருக்குப் பிறந்தவை. "ஹனி ஜெம்" கிரிவில்லியாவின் ஒரு பெற்றோர் வெப்பமண்டல வடக்கைச் சேர்ந்தது, இன்னொன்று குயின்ஸ்லாந்துக் கடலோரம். "ராபின் கார்டன்" குயின்ஸ்லாந்துக் கடலோரத்தையும் மேற்கு ஆஸ்திரேலியாவையும் சேர்த்துப் பிறந்தது. பிரிஸ்பேனில் இவை அற்புதம். கான்பெராவில் சரிவில், வெயில் விழும் வடக்கு பார்த்த செங்கல் சுவரோரம் வைத்தால் ராபின் கார்டன் தப்பலாம், பள்ளத்தில் வைத்தால் இளம் தளிர் கறுத்து, பூமொட்டு பழுப்பாகி, இளவேனிலில் பாதிச் செடிதான் மிஞ்சும். கருகிய இலையை உடனே வெட்டாதீர்கள், அதுதான் அடுத்த உறைபனிக்குப் போர்வை. அக்டோபர்வரை விட்டுவையுங்கள். இன்னொரு விஷயம், ராபின் கார்டன் பட்டால் சிலருக்குத் தோலில் கொப்புளமும் அரிப்பும் வரும். குழந்தைகள் ஓடியாடும் நடைபாதை ஓரத்தில் வேண்டாம்.

இப்போது பறவைக் கணக்கு. பெரிய பூவும் நிறையத் தேனும் வருடம் முழுக்கக் கொட்டும் கலப்பினம் எல்லாப் பறவைக்கும் விருந்து என்று தோன்றும். நடப்பது வேறு. ரெட் வாட்டில்பேர்டு, நாய்சி மைனர் என்ற சண்டைக்காரத் தேனுண்ணிப் பறவைகள் அந்தத் தேன் கிணற்றைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விரட்டும். நாய்சி மைனர் மரத்தோப்புகளிலிருந்து சின்னப் பறவைகளை விரட்டியடிப்பதை 2014இல் மத்திய அரசு முக்கிய அச்சுறுத்தல்களில் ஒன்றாகப் பட்டியலிட்டிருக்கிறது. ஃபேரி ரென் போன்ற சின்னதுகளுக்கு வேண்டியது தேனைவிட ஒளிய முள்ளும் அடர்த்தியும். அதை பர்சேரியா தரும், முள்ளுள்ள சின்னப்பூ கிரிவில்லியா தரும். தோட்டம் முழுக்க வாழைப்பூ அளவு பூ வைத்துவிட்டு, குருவி ஏன் வரவில்லை என்று கேட்கக்கூடாது.

இதற்கு மேல் காட்டுக் கணக்கு இருக்கிறது. கூட்டமண்ட்ரா வாட்டில் என்ற அகேசியா மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நீலச்சாம்பல் இலை, குளிர்காலக் கடைசியில் மஞ்சள் மழை, யாருக்குத்தான் பிடிக்காது? அதன் சொந்த ஊர் கூட்டமண்ட்ரா, டெமோரா பக்கம், இங்கிருந்து காரில் இரண்டு மணி நேரம்தான். அந்த இரண்டு மணி நேரத் தூரமே போதுமானதாக இருந்தது, கான்பெராவின் குன்றுகளில் அது இன்று களை. விதை பல வருடம் மண்ணில் காத்திருக்கும், தீ வந்தால் ஒரேயடியாக முளைக்கும், உள்ளூர் வாட்டில்களோடு கலந்தும் போகும். ஊட்டிக்காரர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. நீலகிரியில் சோலைக்காட்டையும் புல்வெளியையும் மூடிக்கொண்ட பிளாக் வாட்டில், சீகை மரம் என்று அங்கே சொல்வது, இந்தத் தென்கிழக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து போனதுதான். கடல் தாண்டினால்தான் களையாகும் என்றில்லை, குன்று தாண்டினாலே போதும்.

கிரிவில்லியாவிலும் கவனம் வேண்டும். ஜூனிபெரினாவின் ஒரு துணைவகை கான்பெராவையும் சுற்றுப்புறத்தையும் தவிர வேறெங்கும் இயற்கையாக இல்லை. அதன் வாழிடத்தையொட்டிய வீட்டில் அதே இரத்தம் கலந்த கலப்பினத்தை வைத்தால், தேன் குடிக்கும் பறவை மகரந்தத்தை அங்கேயும் இங்கேயும் எடுத்துப் போகும். நகர நடுவில் இருப்பவர்கள் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். மரம்பிட்ஜி ஆற்றுப் பக்கம் இருப்பவர்கள் கவலைப்படலாம், கொரியா வைத்துக்கொள்ளலாம்.

செலவில் மறைந்திருப்பது கவாத்து. கலப்பின கிரிவில்லியாவை வருடம் ஒருமுறை பூ முடிந்ததும் கால் பங்கு வெட்டாவிட்டால் நான்கைந்து வருடத்தில் அடி மொட்டையாகி, நடுவில் பிளந்து விழும். உரமும் பொறி. கிரிவில்லியா, பேங்க்சியா, ஹேக்கியா குடும்பம் மணிச்சத்துக் (பாஸ்பரஸ்) குறைந்த மண்ணில் வாழப் பழகி, அதை உறிஞ்சவே தனி வேர்க்கொத்து வளர்த்துக்கொண்டவை. நாம் பாசத்தில் ஒரு கூடை கோழி எருவைப் போட்டால் அளவுக்கு மேல் மணிச்சத்து ஏறி இலை மஞ்சளாகிச் செத்துப்போகும். காய்கறிப் பாத்திக்கு வாங்கியதை அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள்.

## மூன்று: ஒட்டுச் செடி

மேற்கு ஆஸ்திரேலியச் செடிகளின் அழகுக்கு ஈடில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். ஸ்கார்லட் பேங்க்சியாவின் பூவைப் பார்த்தவர்கள் அதை மறப்பதில்லை. ஆனால் அந்தச் செடிகள் மணலில், குளிர்கால மழையில், வறண்ட கோடையில் வளர்ந்தவை. கான்பெராவில் மழை வருடம் முழுக்கப் பரவலாகப் பெய்யும், கீழே களிமண். கோடையில் ஒரு நல்ல மழை, அடுத்த வாரம் வெயில், வேரழுகல், முடிந்தது கதை. நேற்றுவரை பசுமையாக நின்றது இரண்டே நாளில் வைக்கோலாகிவிடும்.

அதற்குத்தான் ஒட்டு. கிரிவில்லியாவை கிரிவில்லியா ரோபஸ்டா மேல், பேங்க்சியாவைக் கிழக்குக் கடற்கரை பேங்க்சியா மேல், புதினாப் புதர்களை வெஸ்ட்ரிஞ்சியா மேல் ஒட்டுகிறார்கள். ரோபஸ்டா என்றால் வேறொன்றுமில்லை, வால்பாறையிலும் நீலகிரியிலும் தேயிலைக்கு நடுவில் நிழலுக்கு நிற்கிறதே, அந்த சில்வர் ஓக். அதன் தண்டின் உச்சியில் படரும் கிரிவில்லியாவை ஒட்டிக் குடைபோல் தொங்கவிட்டதைத்தான் 80, 100 டாலருக்கு மேல் விற்கிறார்கள். சின்னப் புதர் ஒட்டு 25 முதல் 40 டாலர்.

ஒட்டு வேருக்கான மருந்து மட்டும்தான். களிமண்ணையும் அழுகலையும் அது சமாளிக்கும், உறைபனியை அது ஒன்றும் செய்யாது. மேலே இருக்கும் தளிர் பெர்த் தளிர்தான், மைனஸ் 6இல் அது என்ன செய்யுமோ அதையே செய்யும். கடைக்காரர்கள் இதைப் பிரித்துச் சொல்வதில்லை, வாங்குபவர்களும் ஒட்டு என்றால் எல்லாவற்றுக்கும் பலசாலி என்று நினைத்துவிடுகிறார்கள்.

தொடர் வேலையும் உண்டு. ஒட்டுக்குக் கீழே வேர்ச்செடி துளிர்க்கும். கிரிவில்லியாவின் சின்ன இலைக்கு நடுவில் திடீரென்று பெரணி போன்ற பெரிய இலை தெரிந்தால் அது சில்வர் ஓக் தளிர், விரல் நகத்தால் கிள்ளிவிட வேண்டும். ஒரு கோடை விடுமுறை முழுக்க ஊருக்குப் போய்விட்டு வந்தால் ஒட்டுச் செடி சில்வர் ஓக்காக மாறத் தொடங்கியிருக்கும், வேர்ச்செடிக்குத்தான் வேகம் அதிகம். உயரமான ஒட்டுக்குக் கம்பும் கட்டும் வேண்டும், ஆகஸ்ட் காற்றில் தலைக்கனத்தால் ஒட்டுப்பகுதியிலேயே முறியும்.

தனியாக ஒன்று, பெரிய தொட்டியில், கூரை விளிம்புக்குக் கீழே வடக்கு பார்த்து வைக்கக்கூடியவர்களுக்கு இது நல்ல தேர்வு. குளிர்காலத்தில் நகர்த்தலாம், வாடகை வீடென்றால் போகும்போது எடுத்துக்கொண்டும் போகலாம். தோட்டத்தையே ஒட்டுச் செடிகளால் நிரப்ப நினைப்பவர்களிடம் நான் வாதம் செய்வதில்லை, பணம் அவர்களுடையது.

## விதை பற்றிக் கொஞ்சம்

மிக மலிவான வழி, மிக மெதுவான வழி. வாட்டில் விதைக்குக் கொதித்த நீரை ஊற்றி இரவு முழுக்க ஊறவிட்டால் போதும், பொங்கியதை விதைக்கலாம். மலை உயரத்து ஸ்னோ கம் விதையை ஈரத்தோடு சில வாரம் குளிர்பெட்டியில் வைத்தெடுக்க வேண்டும். பேப்பர் டெய்சி தூவினாலே வரும். பாதுகாக்கப்பட்ட காட்டில் போய் விதை பறிக்க அனுமதி வேண்டும், நடைப்பயிற்சிக்குப் போகிற வழியில் இரண்டு காய்தானே என்று பையில் போடுவது சட்டத்துக்கு எதிரானது.

## நம் தோட்டம் எதைக் காப்பாற்றும்

அருகிவரும் செடி ஒன்றை வாங்கி வைத்தால் அதைக் காப்பாற்றியதாகிவிடுமா என்றும் சிலர் கேட்கிறார்கள். பெரும்பாலும் இல்லை. பெயரிட்ட ரகம் எல்லாம் ஒரே தாய்ச்செடியின் துண்டுகள், ஆயிரம் வீட்டில் ஆயிரம் செடி நின்றாலும் மரபு ஒன்றுதான். நோய் ஒன்று வந்தால் எல்லாம் ஒன்றாகப் போகும். பட்டன் ரிங்கிள்வோர்ட் போல ரெட் ஹில் பக்கத்துப் புல்வெளியில் மிஞ்சியிருக்கும் மஞ்சள் பூச்செடிகளுக்கு வேண்டியது அந்தப் புல்வெளியும், பல செடிகளிலிருந்து சேர்த்த விதையும்தான். அந்த வேலையைத் தாவரவியல் பூங்காவின் விதை வங்கியும் காட்டுப் பராமரிப்புக் குழுக்களும் செய்கின்றன. ஆர்வமுள்ளவர்கள் பார்க்கேர் குழுவில் சேர்ந்து ஒரு ஞாயிறு காலை களை பிடுங்கினால், வீட்டில் அரிய செடி பத்து வைப்பதைவிடப் பயன் அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் ஒரு விஷயத்தில் தோட்டத்துக்குப் பங்குண்டு. விதையிலிருந்து வளர்த்த உள்ளூர் நாற்று ஒவ்வொன்றும் மரபில் வேறு. தெருவில் பத்து வீட்டில் அவை நின்றால் பூச்சியும் பறவையும் ஒரு காட்டுத்துண்டிலிருந்து அடுத்ததற்குப் போக இடையில் தங்குமிடம் கிடைக்கிறது. உள்ளூர் விதை என்பதிலும் இப்போது விவாதம் இருக்கிறது. பிளேக்லிஸ் ரெட் கம் இந்தப் பகுதியில் பரவலாக நுனி காய்ந்து வருவதைப் பார்த்துவிட்டு, வெப்பமும் வறட்சியும் கூடிய இடங்களின் விதையையும் கொஞ்சம் கலந்து நட வேண்டும் என்று மீட்புப் பணியில் இருப்பவர்கள் சிலர் சொல்கிறார்கள். அது காட்டில் நடுபவர்கள் முடிவு செய்ய வேண்டியது. வீட்டுக்கு இந்த மாவட்டத்து நாற்று போதும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | உள்ளூர் ட்யூப் நாற்று | கலப்பினம் | ஒட்டுச் செடி |
|---|---|---|---|
| விலை (ஒன்றுக்கு, சுமாராக) | 3–6 டாலர் | 12–20 டாலர் | 25 டாலரிலிருந்து 100க்கு மேல் |
| உறைபனி | தாங்கும் | பெற்றோரைப் பொறுத்தது | மேல்செடியைப் பொறுத்தது |
| களிமண் | தாங்கும், இறுக்கத்தைத் தளர்த்தினால் | பெரும்பாலும் மேடு கட்டி நட வேண்டும் | வேர்ச்செடி தாங்கும் |
| பார்க்க அழகாக | 2–3 வருடம் ஆகும் | முதல் வருடமே | வாங்கும்போதே |
| மறைசெலவு | உறை, குச்சி, பொறுமை | வருடாந்தரக் கவாத்து, கருகியதற்கு மாற்று | தளிர் கிள்ளுவது, கம்பு, குளிருக்குப் போர்வை |
| காட்டோரம் | நல்லது | யோசித்து | தொட்டியில் என்றால் சரி |
| வரும் பறவை | சின்னவை, பூச்சி தின்பவை | பெரிய பூ என்றால் சண்டைக்காரத் தேனுண்ணிகள் | கலப்பினம் போலவே |

## சரி, உங்களுக்கு எது

பின்வேலிக்கு அந்தப் பக்கம் காடோ புல்வெளியோ இருந்தால் உள்ளூர் நாற்று தவிர வேறு யோசிக்க வேண்டாம். வாசலில் ஒரு கொரியா வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

பள்ளத்தில், பனி தேங்கும் மனை என்றாலும் உள்ளூர் நாற்றுதான், இந்த முறை காரணம் உங்கள் பணப்பை.

நகர நடுவில், சரிவில், சின்ன முற்றம், இன்னும் இரண்டு வருடத்தில் விற்கப் போகிற வீடு என்றால் குளிர் ஊர்க் கலப்பினங்கள் சரியான தேர்வு. அவற்றுக்கு அடியில் புல் போன்ற லோமாண்ட்ராவும் வாலபி புல்லும் ட்யூப்பில் வாங்கி நெருக்கமாக நட்டுவிடுங்கள், களை எடுக்கும் வேலை குறையும். பெற்றோர் யார் என்று கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் கைபேசியில் ரகத்தின் பெயரைத் தட்டிப் பாருங்கள், "பேங்க்சி" (மேலே சொன்ன குயின்ஸ்லாந்துக் கடலோரப் பெற்றோர்) என்றோ வெப்பமண்டல வடக்கு என்றோ வந்தால் வைத்துவிட்டு நகருங்கள்.

வாடகை வீடு, அல்லது பால்கனி மட்டும்தான் என்றால் ஒரு தொட்டியில் ஒட்டு.

பெரிய மனையும் பொறுமையும் உள்ளவர்கள் பெரும்பகுதியை நாற்றாலும் வாசலையும் ஜன்னலோரத்தையும் கலப்பினத்தாலும் நிரப்பலாம். நான் பார்த்த நல்ல தோட்டங்கள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கின்றன.

நடும் காலம் மட்டும் மாறும். உள்ளூர் நாற்றை மார்ச், ஏப்ரலில் நடுங்கள், மண்ணில் சூடு மிச்சமிருக்கும்போதே வேர் இறங்கிவிடும், கோடைத் தண்ணீர் பாதியாகக் குறையும். குளிருக்குச் சந்தேகமான எதையும் இளவேனிலுக்குத் தள்ளுங்கள். மெல்பர்ன் கோப்பைக் குதிரைப் பந்தயம் முடியும்வரை, அதாவது நவம்பர் முதல் செவ்வாய்வரை, தக்காளி நடாதே என்று கான்பெராக்காரர்கள் சொல்வார்கள். ராபின் கார்டனுக்கும் அதே தேதியை வைத்துக்கொள்ளுங்கள்.